‘மாத்து’ என்று மட்டும் சொன்னால் போதாது

வெள்ளவத்தைச் சந்தியில் பஸ் நகராமல் நின்ற ஒரு காலையில்தான் அந்த யோசனை வந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து கல்கிசைக் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்குப் பாய்ப்படகு ஓட்டப் பழக்குவது என் வேலை. ஜன்னலுக்கு வெளியே ஒரு பிளாட்டின் பல்கனிகளில் உடுப்புக் காயப்போட்டிருந்தார்கள். துணியெல்லாம் ஒரு பக்கம் சரிந்து பறந்தன. பிறகு மறுபக்கம் சரிந்தன. பிறகு பழையபடி. பஸ் கிளம்பும்வரை இதுவே நடந்தது. காலையில் கரையிலிருந்து வரும் காற்று கண்டபடி அலைகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது ஒரு நடுவை வைத்துக்கொண்டு ஊஞ்சல் ஆடுகிறது!

இந்த வருடம் பயிற்றுநர்களாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கே இது நான்காவது வருடம்தான். பெரிய ஆள் பேச்சாக எடுக்கவேண்டாம்.

ஊஞ்சல் கணக்கு

என்னோடு பந்தயம் ஓடியவன் ரிஸ்வான். இரண்டு பேர் ஓட்டும் சின்னப் படகு. அவன் சுக்கான், நான் முன்பாய். காற்றைப் பார்த்துச் சொல்வது முன்பாய்க்காரனின் பொறுப்பு.

காற்றுக்கு நேர் எதிரே படகு போகாது. வலம் இடமாக வளைந்து வளைந்துதான் ஏறவேண்டும். காற்று கொஞ்சம் திரும்பினாலும் ஒரு பக்கம் போகிற படகுக்கு வழி திறக்கும், மற்றப் பக்கம் போகிற படகின் மூக்கு, சுற்றவேண்டிய மிதவையை விட்டு விலகும். மூக்கு விலகியதும் அடுத்த பக்கத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஊஞ்சல் காற்றில் இது தவறாது. நான் திசை காட்டும் கொம்பாஸைப் பார்த்து “மாத்து” என்பேன், அவன் சுக்கானைத் தள்ளுவான்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு “மாத்து”க்கும் ஒரு சண்டை நடந்தது. அவன் ஏன் என்பான், நான் விளக்குவேன், அதற்குள் பக்கத்துப் படகு தாண்டிப் போய்விடும். ஒருநாள் கரையில் படகைக் கழுவும்போது ரிஸ்வானே ஒரு சட்டம் போட்டான். தண்ணிக்குள்ளே நான் சொல்வதை அவன் கேள்வி கேட்காமல் செய்வான். ஏச்சுப் பேச்செல்லாம் கரைக்கு வந்த பிறகு. அதன் பிறகு நாங்கள் வேகமாகத் திரும்பினோம். மற்ற ஜோடிகள் எங்களை ஊமைப் படகு என்று பகிடி பண்ணினார்கள். நாங்கள் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டோம்.

தெரிவுப் பந்தயம்

வெளிநாட்டுப் போட்டிக்கு இரண்டு ஜோடிகளைத்தான் எடுப்பதாக இருந்தது. ரிஸ்வானுக்கு அது கடைசி வாய்ப்பு. அவனுடைய வாப்பாவுக்கு கிராண்ட்பாஸில் இரும்புக்கடை. தெரிவானால் இன்னும் ஒரு வருடம் ஓடலாம், இல்லாவிட்டால் அடுத்த நாளிலிருந்து கடை என்பது அவர்களுக்குள் பேச்சு. வாப்பா கொடுமைக்காரர் இல்லை. அவருக்கு முழங்கால் முடியாது, அவ்வளவுதான்.

முதல் நாள் பந்தயங்களில் ஊஞ்சல் கணக்கு அப்படியே பலித்தது. கடைசிப் பந்தயத்துக்குப் போகும்போது நாங்கள் இரண்டாவது இடத்தில் இருந்தோம். அன்று கிளம்பச் சுணங்கிவிட்டது, வெயில் ஏறியிருந்தது. மிதவை வடக்கே, துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும் பக்கம். இடது கையில் ஆழ்கடல், வலது கையில் கரை.

நல்ல ஸ்டார்ட். கடல் பக்கமாக ஓடினோம். பாதி வழியில் காற்று இடப்பக்கம் சரிந்தது, மூக்கு விலகியது. “மாத்து” என்றேன். சுக்கானைப் பிடித்த அவன் கை ஒரு கணம் தயங்கியதைக் கண்டேன். ஆனால் திருப்பிவிட்டான்.

கரைப் பக்கமாக ஓடும்போது படகு அருமையாகப் போனது. மூக்கு நேரே மிதவையைப் பார்த்தது. காற்று வலப்பக்கம் திரும்பி வரட்டும், வந்ததும் மாற்றலாம் என்று கொம்பாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது வரவில்லை. இன்னும் இடப்பக்கம், இன்னும் இடப்பக்கம். எங்களுக்கு வழி திறந்துகொண்டே போனது, நானும் சந்தோஷப்பட்டேன். தலையைத் திருப்பிப் பார்த்தபோது, கடல் பக்கம் விடாமல் போன மூன்று படகுகள் புதுக் காற்றில் எங்களுக்கு முன்னால் குறுக்கே இறங்கிக்கொண்டிருந்தன.

அது ஊஞ்சல் அல்ல. வெயில் ஏறியதில் கரைக்காற்று செத்து, கடற்காற்று வந்துவிட்டது. போனது திரும்பாத காற்றில் கணக்கு தலைகீழ். மூக்கு விலகினாலும் பொறுத்து, காற்று வருகிற பக்கத்துக்கே ஓடவேண்டும். மொத்தப் புள்ளியில் எங்களுக்கு மூன்றாவது இடம். எங்களை ரிசர்வ் ஜோடி என்று அறிவித்தார்கள்.

கரையில் பாயைச் சுருட்டும்போது ரிஸ்வான் மெதுவாகச் சொன்னான்.

“மச்சான், நீ மாத்து எண்டு செல்லக்குள்ள எனக்கு முன்னால நங்கூரம் போட்ட மீன்போட்டு ரெண்டு நிண்டிச்சு. ரெண்டும் மூக்கைக் கடல் பக்கம் திருப்பியிருந்திச்சு.”

நங்கூரம் போட்ட படகு எப்போதும் காற்றைத்தான் பார்த்து நிற்கும். அங்கே புதுக் காற்று ஏற்கெனவே வந்துவிட்டது என்று அர்த்தம். நான் அப்போது கொம்பாஸைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

“கண்டனீ எண்டா ஏன்டா சொல்லேல்ல?”

“சட்டம் நான் போட்டதுதானே” என்றான்.

அவன் சட்டத்தை மதித்தான். அந்தச் சட்டத்தால்தான் முதல் நாள் வென்றோம். காற்று ஒரே மாதிரி ஆடும்வரை ஒரு ஆள் சொல்லி ஒரு ஆள் செய்தால் போதும். காற்றின் குணமே மாறுகிற நேரத்தில் நாலு கண்ணும் வேண்டும். எங்கள் படகில் அன்று இரண்டு கண்தான் வேலை செய்தது.

ரிசர்வ்

அன்று பின்னேரம் நானும் அவனோடு கடைக்குப் போனேன். வாப்பா கதிரையில் இருந்தபடியே கேட்டார்.

“ரிசர்வ் எண்டா போறதா, போறல்லையா?”

“போற ஆளுக்குச் சுகமில்லாட்டிப் போறது, வாப்பா.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அல்லாஹ் அவங்களுக்கு நல்ல சுகத்தைக் குடுக்கட்டும்” என்றார். ரிஸ்வான் சிரித்துவிட்டான். என்னால்தான் சிரிக்க முடியவில்லை. மறுநாள் காலை அவன் கடையைத் திறந்தான்.

கடைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. அதனால் கிளப் பந்தயங்களுக்கு வரமுடியும் என்கிறான். வெளிநாடு இல்லை, தெரிவு இல்லை. இருந்தாலும் வருகிறான். இப்போது இருவரும் இடம் மாறிக்கொள்ளப் போகிறோம்: சுக்கான் எனக்கு, முன்பாய் அவனுக்கு. பழைய சட்டத்துக்குப் பதிலாக, கட்டளை போடாமல் கண்டதைச் சொல்வது. “மாத்து” என்பதற்கு முன் “மீன்போட்டு கடலைப் பாக்குது” என்பது. நேரமிருந்தால் காரணம், இல்லாவிட்டால் கண்டது மட்டும். கேட்கிறவனும் தான் கண்டதை ஒரே சொல்லில் திருப்பிச் சொல்லவேண்டும். படகு மெதுவாகுமா என்று தெரியவில்லை. பிள்ளைகளோடு பழகிப் பார்த்ததில் முதலில் ஒரே கூச்சலாகத்தான் இருந்தது.

வரும் ஞாயிறு பந்தயம் இல்லை. ஆனாலும் கரைக்காற்று சாகும் நேரமாகப் பார்த்துத்தான் படகை இறக்கப்போகிறோம்.