மாடில்லாத வீட்டில் ஒரு தோல் வாளி

லண்டனில் இவ்வளவு குளிருக்குள்ளும் கொசு வருமென்று யார் நினைத்தார்கள்? கடிக்கிற சாதியைச் சொல்லவில்லை. அதற்கு எங்கள் கல்முனையில் நுளம்பு என்று பேர். இது பழத்தைச் சுற்றும் பொடி ஈ. தேநீர்க் கோப்பையைத் தூக்கினால் எனக்கு முந்தி அது குடிக்கிறது. கோப்பையில் வினாகிரி ஊற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு வைத்தேன். நூறு செத்தால் விடியும்போது இருநூறு நின்றது.

மேல்மாடியில் இருக்கும் வீட்டுக்காரி மார்கரெட்டின் சமையலறைக்கும் அவை ஏறிவிட்டன. "வெள்ளிக்கிழமைக்குள் இது முடியவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருட ஒப்பந்தத்தை நான் யோசிக்கவேண்டி வரும்" என்றார். மகளின் பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளித்தான். இந்த வீட்டை விட்டால் இப்படி ஒன்று எங்களுக்குக் கிடைக்காது.

வெள்ளிக்கிழமை அவரே இறங்கி வந்து கைகழுவும் தொட்டிக்குக் கீழிருந்த அலுமாரியைத் திறந்தார். உள்ளே மூடி சரியாகப் பொருந்தாத என் வாளி. அதில் ஒரு கிழமையாய், ஏழு நாளாய்ச் சேர்த்த வாழைப்பழத் தோல்.

"இது என்ன?"

"மாட்டுக்கு" என்றேன், யோசிக்காமல்.

மார்கரெட் பின்கதவால் எட்டிப் பார்த்தார். "எந்த மாடு?"

கல்முனையில் எங்கள் சமையல் குசினிக்குப் பின்னால் அந்த வாளி எப்போதும் இருக்கும். பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து பால் கொண்டுவரும் கமலக்கா போத்தலை வைத்துவிட்டு, "மாட்டுக்குத் தோல் வெச்சிருக்கிறியளா ராத்தா?" என்று கேட்பார். "ஓம் புள்ள, எடு" என்பார் உம்மா. ஒருமுறை தமிழர்-முஸ்லிம் சண்டையில் ஊர் குழம்பிப்போய், அவர்கள் பக்கத்தார் இங்கே வருவதும் எங்கள் பக்கத்தார் அங்கே போவதும் நின்றுவிட்டது. வாளி நிரம்பிக் குசினியெல்லாம் கொசு. கொட்டப்போன என் கையை உம்மா பிடித்தார். "ஊத்திப்போடாத. நாளைக்கு அவ வந்தா என்னத்தக் குடுக்கிற?" பழையதைத் தென்னைக்குப் போட்டு, அன்றன்றைய தோலைத் திரும்பவும் சேர்த்தார். கமலக்கா பத்தொன்பதாம் நாள் வந்தார். இருவரும் சண்டையைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. மாடு கன்று போட்டதைத்தான் கதைத்தார்கள். உம்மா மௌத்தாகி, அடக்கம் செய்து பல வருடமாகிறது. ஆனாலும் வாழைப்பழத் தோலைக் குப்பையில் போட எனக்கு இன்றைக்கும் கை வருவதில்லை.

இதையெல்லாம் என் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். மார்கரெட் கவலையோடு கேட்டார்: "உங்கள் நாட்டில் புல் இல்லையா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவருக்கு என்ன விளங்கியதோ, வாளியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் தோட்டத்து உரக்குழியில் கொட்டினார். நான் அலுமாரியைக் கழுவித் துடைத்தேன். வினாகிரிக் கோப்பை மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. அடுத்த கிழமை ஒரு கொசுவும் இல்லை. ஒப்பந்தத்திலும் கையெழுத்து வைத்தாயிற்று.

இப்போது காலையில் மார்கரெட் கதவைத் தட்டுகிறார். "பசுவுக்கு ஏதாவது இருக்கிறதா?" அவருக்கு அது பகிடி. "ஓம், எடுங்க" என்று தமிழிலேயே சொல்லி வாளியை நீட்டுகிறேன். அவர் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ஒவ்வொரு நாளும், அவர் மற்றக் கையில் பால் போத்தல் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.