விழுங்கிய பக்கங்கள்

"இங்கிலீஷ் வாசிப்பீங்களா?" என்று பெரியவரின் மகள் கேட்டபோது நர்சம்மா யோசிக்காமல் "வாசிப்பேன்" என்றாள். பொய்யில்லை. காலமெல்லாம் மருந்து அட்டைகளை வாசித்தவள். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதற்கு மேல் அந்த மொழிக்குத் தன்னிடம் சொல்ல ஒன்றும் இருக்காது என்றுதான் நினைத்தாள்.

பெரியவர் பாலம் கட்டிய என்ஜினியர். கண் போய்விட்டது, காது மட்டும் பாம்புச் செவி. ஆயுசு முழுக்கத் தள்ளிப்போட்ட ஒரு நாவலைக் கேட்டு முடித்துவிட்டுத்தான் மேலே போவதாக உத்தேசம். தலைக்கு வைத்துப் படுக்கலாம், அத்தனை தடிமன். ஒவ்வொரு வாக்கியமும் ஒரு கூட்ஸ் வண்டி. கடைசிப் பெட்டி வருவதற்குள் என்ஜின் எந்தப் பக்கம் போனதென்று மறந்துபோகும். நர்சம்மா உச்சரித்தாள், அர்த்தம் பெரியவர் பாடு. அவர் "அடப்பாவி" என்றால் இவளும் "பாவிதாங்கய்யா" என்பாள். எந்தப் பாவி என்று தெரியாது.

ஒருநாள் ஓர் அத்தியாயம் வந்தது. அத்தனையும் வாயில் நுழையாத வார்த்தைகள். இருமிக்கொண்டே ஒரு கத்தைப் பக்கங்களைப் புரட்டிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துப் பெரியவர் கேட்டார். "ஏம்மா, கதையில அந்த வீட்டுக் கடைக்குட்டி எங்க? ஆளையே காணோம்."

நர்சம்மா இன்னொரு பக்கத்தைப் புரட்டினாள். "வெளியூர் போயிருக்காருங்கய்யா."

"எதுல?"

"ரயில்லங்கய்யா."

"இந்தக் கதையில ரயில் இருக்கா?"

"இப்பத்தான் விட்டிருக்காங்க."

அதன்பின் தினமும் "வந்துட்டானா?" என்பார், சொந்தப் பேரனை விசாரிப்பதுபோல. நர்சம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. பால் ஆறிப்போனதற்காக முந்தைய ஆளை அனுப்பிவிட்டவள் அந்த மகள். நர்சம்மாவுக்குப் படுக்கையும் இந்த வீட்டுப் பின்னறையில்தான். வேலை போனால் பெட்டியோடு போய் மருமகள் முகத்தில் விழிக்க வேண்டும்.

பெரியவர் மதியம் கண்ணயரும்போது, அகராதியோடு அடுப்படியில் உட்கார்ந்து, தாண்டிய பக்கங்களை அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் பொறுக்கினாள். ஆறு. படகு. கவிழ்ந்தது. கடைக்குட்டி செத்துப்போயிருந்தான். கொன்றவர் நாவலாசிரியர், பிணத்தை ஒளித்துவைத்தவள் இவள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த மனுஷனிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் எத்தனை நாளைக்கு அந்தப் பையனை ரயிலிலேயே உட்காரவைப்பது?

சாயங்காலம் தாண்டிய இடத்துக்கே திரும்பப் புரட்டி, அவருக்கு வாசித்தாள். அவனைக் கரையில் கிடத்திய வரியில் குரல் உடைந்துவிட்டது. பெரியவர் அசையவில்லை. நர்சம்மா அவர் நாடியைப் பிடித்தாள். துடித்தது.

"ரயில்ல போனான்னீங்க."

"மன்னிச்சிடுங்கய்யா. புரியல, தாண்டிட்டேன்."

"வேற எங்கெல்லாம் தாண்டினீங்க?"

"ஞாபகம் இல்லைங்கய்யா." நன்றாகவே ஞாபகம் இருந்தது.

பெரியவர் வெகுநேரம் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மககிட்ட நான் சொல்லமாட்டேன். முதல் பக்கத்துலேருந்து ஆரம்பிங்க. புரியலேன்னா புரியலேன்னு சொல்லிட்டு நில்லுங்க. ஊருக்கு மட்டும் யாரையும் அனுப்பாதீங்க."

நர்சம்மா முதல் பக்கத்தை விரித்தாள். அன்று வெறும் சத்தமாக வாயில் வந்துபோன வார்த்தைகள் இப்போது ஒவ்வொன்றாக முகம் காட்டின. ஒரு தொட்டில். அதில் அந்தக் கடைக்குட்டி, பிறந்து சில நாளே ஆனவன், காலை உதைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வரிக்குப் போக அவளுக்குப் பயமாக இருந்தது.