அழைப்புக் கடிதத்தின் கடைசி வரி

அப்பா ஏத்தன் வாழைத்தாரைச் சருகில் சுற்றி, மேலே நனைத்த சாக்கைப் போர்த்தி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். கயிற்றின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். யாரைக் குறை சொல்வது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. மறுமுனையைப் பிடித்திருந்தவன் நான்.

ஆந்திரக் கரையில் இருக்கும் ராக்கெட் ஏவுதளத்திலிருந்து எனக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்தது. டெக்னீஷியன் வேலை, நிரந்தரம். அதற்கு முந்தைய வருஷம் நான் பணகுடிக்கு மேற்கே மலையடிவாரத்தில், ராக்கெட் எஞ்சின்களை ஓட்டிச் சோதிக்கும் இடத்தில் அப்ரண்டிஸாக இருந்தேன். ஐடிஐ முடித்த பையன்களை ஒரு வருஷம் வைத்திருந்து, சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அங்கே பெரும்பாலும் போல்ட்டுகளுக்கு லாக்கிங் ஒயர் போடுவதுதான் என் வேலை. எஞ்சின் ஓடும்போது வரும் அதிர்வில் போல்ட் தளர்ந்துவிடக் கூடாது. அதனால் அதன் தலையிலுள்ள துளையில் மெல்லிய எஃகுக் கம்பியைக் கோத்து, பக்கத்து போல்ட்டோடு சேர்த்து முறுக்கிப் பூட்ட வேண்டும். முறுக்கு கூடினால் கம்பி அறுந்துவிடும், குறைந்தால் போட்டும் பயனில்லை. அந்த அளவு என் கைக்குப் பிடிபட்டிருந்தது. வருஷம் முடிந்து வெளியே வந்த பிறகு அந்தக் கைக்கு ஊரில் வேலை இல்லை.

ஸ்ரீவைகுண்டத்தில் அப்பா தோட்டம் தோட்டமாகப் போய்த் தார் வெட்டிச் சுமப்பவர். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான்தான். கடிதம் வந்த அன்று அம்மாவையும் அப்பாவையும் உட்காரவைத்து, இங்கிலீஷில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். கடைசி வரியையும் சொன்னேன். எந்த வகையில் சிபாரிசு தேட முயன்றாலும் தகுதி போய்விடும் என்று அதில் இருந்தது.

"நமக்கு எவன்லே சிபாரிசு பண்ணப் போறான்? அந்த வரி பெரிய இடத்துப் பிள்ளையளுக்கு" என்று அப்பா சிரித்தார்.

நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். சிபாரிசு என்றால் எனக்குத் தெரிந்தது எம்எல்ஏ கடிதமும் கவரில் வைத்த பணமும்தான். பாளையங்கோட்டையிலிருந்து ஒரு ஆள், மேலிடத்தில் சொல்லி முடித்துத் தருகிறேன் என்று வந்தபோது, எனக்கு அப்படி வேலை வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பியிருந்தேன். அதில் எனக்கு உள்ளூரப் பெருமையும் இருந்தது.

அப்பா வழக்கமாக வேலை செய்யும் தோட்டத்துக்காரரின் தம்பி அந்த ஏவுதளத்தில் இன்ஜினியர். மின்சாரப் பிரிவு. விஷயம் கேள்விப்பட்ட தோட்டத்துக்காரர், தேர்வுக்கு முந்தின நாள் அங்கே ராக்கெட் விடுகிறார்கள், ரெண்டு பேரும் பார்த்துவிட்டு வாருங்கள், தம்பியிடம் பாஸ் எடுக்கச் சொல்கிறேன் என்றார். சொன்னபடி தபால் போட்டார், பதிலும் வந்தது. அப்பா வாழ்நாளில் மதுரையைத் தாண்டியதில்லை. ராக்கெட் பார்க்கப் போகிறோம் என்றதும் சலூனுக்குப் போய் முடி வெட்டிக்கொண்டு வந்தார்.

"அவிய வீட்டுக்குப் போறோம். கையை வீசிக்கிட்டா போவ முடியும்?" என்றார். எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் வெறுங்கையோடு போவதில்லை. டாக்டர் வீட்டுக்குச் சீப்பு, வாத்தியார் வீட்டுக்குச் சீப்பு, சம்பந்தி வீட்டுக்குத் தார். அப்பா தோட்டத்துக்காரரிடம் கேட்டு, மரத்திலேயே நன்றாக விளைந்த தாராகத் தேடி வெட்டினார்.

நெல்லை எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் அந்தத் தார் எங்கள் காலடியில் கிடந்தது. எழும்பூரில் இறங்கியதும் அப்பா துண்டைச் சுருட்டித் தலையில் வைத்து, தாரை அதன்மேல் ஏற்றிக்கொண்டு சென்ட்ரலுக்கு நடந்தார். ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டதற்கு, "சும்மாடு இருக்குவே, ஆட்டோ எதுக்கு?" என்றார். அங்கிருந்து கூடூர் பாசஞ்சரில் ஏறி, சூலூர்ப்பேட்டையில் இறங்கினோம். தெலுங்குப் பேச்சு காதில் விழுந்ததும் அப்பா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

இன்ஜினியர் வீடு ஊழியர் குடியிருப்பில் இருந்தது. சார் பணிக்குப் போயிருந்தார். அவர் மனைவி களக்காட்டுப் பக்கம் பிறந்தவர். சாக்கைப் பிரித்ததும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"ஊரு ஏத்தனா! இங்கன கிடைக்கது எல்லாம் காயும் இல்லாம பழமும் இல்லாம ஒரு மாதிரில்லா இருக்கு. இத எப்படி இம்புட்டுத் தூரம் சுமந்து வந்திய?"

"எம்மவனுக்கு நாளன்னைக்கு இங்கனதான் இன்டர்வியூ தாயி. அந்த சாக்குலதான் வந்தோம்" என்றார் அப்பா.

கண் மூடித் திறப்பதற்குள் அந்த அம்மா அரிவாள்மணையைக் கொண்டுவந்து தாரைச் சீப்பு சீப்பாக அறுத்தார். எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குத் தார் வந்தால் அது அந்த வீட்டோடு நிற்காது. இந்த வீட்டுக்கு ஒன்று, அந்த வீட்டுக்கு ஒன்று என்று தட்டில் வைத்து அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். ஒவ்வொரு வாசலிலும் அவர் சொன்னது எங்களுக்கும் கேட்டது. எங்க ஊர்ப் பையன், டெக்னீஷியன் இன்டர்வியூக்கு வந்திருக்கான், அவங்கதான் கொண்டுவந்தாங்க.

பொழுது சாயும் நேரத்தில் சார் ஜீப்பில் வந்து இறங்கினார். மறுநாள் ஏவுதல். குளித்துவிட்டு மறுபடியும் போக வேண்டும் என்றார். அப்பாவைப் பார்த்து, "வாங்க, அண்ணன் எழுதியிருந்தார்" என்று நன்றாகத்தான் பேசினார். மேஜைமேல் மிச்சமிருந்த பழத்தைப் பார்த்தார். பிறகு மனைவியிடம், யார் யார் வீட்டுக்குக் கொடுத்தாய் என்று மெதுவாகக் கேட்டார். அந்த அம்மா விரல் விட்டுச் சொன்னார். மூன்றாவது வீட்டைச் சொன்னபோது சார் உட்கார்ந்துவிட்டார்.

அப்பா காபி குடித்துக்கொண்டிருந்தார். சார் என்னை மட்டும் வெளியே அழைத்தார். தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்திருந்தன.

"டெக்னீஷியன் தேர்வுக் குழுவுல நானும் இருக்கேன். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது சார்."

"அந்த மூணாவது வீடு குழுத் தலைவர் வீடு. கேண்டிடேட் கையால ஒரு தார் வாங்கி, மெம்பர் வீட்டுலயும் தலைவர் வீட்டுலயும் தின்னாச்சு. இப்ப நான் என்ன செய்ய?"

பணம் வேண்டுமானால் கொடுத்துவிடுங்கள், விலைக்கு வாங்கியதாக இருக்கட்டும் என்று நான் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு மோசமாக இருக்கிறது என்று எனக்குக் கேட்டது.

"தம்பி, லெட்டரோட கடைசி வரியப் படிச்சியா இல்லையா?"

"படிச்சேன் சார்."

"பின்ன?"

அப்பாவுக்கு அந்தத் தார் வெறும் மரியாதை. அதை நடக்கும் முன்னே தடுக்கக்கூடிய ஒரே ஆள், இங்கிலீஷ் படித்தவன், நான்.

"நான் உன்னயத் தப்பா நினைக்கல. உங்க அப்பாவையும் நினைக்கல. ஆனா எழுதிக் கொடுக்காம இருந்தா நாளைக்கு வேற ஒருத்தன் எழுதுவான். இன்னைக்கு ராத்திரியே எழுதிக் கொடுத்துட்டு நான் குழுவுல இருந்து விலகிருதேன். உன்னய அவங்க என்ன செய்வாங்கன்னு உனக்கே தெரியும்." சட்டைப் பையிலிருந்து இரண்டு பாஸை எடுத்து நீட்டினார். "பாஸ் உங்க பேருல போட்டாச்சு. காலைல பாத்துட்டுப் போங்க. அப்பாட்ட நான் ஒண்ணும் சொல்லல."

நானும் சொல்லவில்லை. லாட்ஜில் அப்பா, வேலை கிடைத்ததும் இந்தக் குடியிருப்பில் எங்களுக்கு எந்தப் பக்கத்து வீடு கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போனார்.

காலையில் பாஸ் வைத்திருப்பவர்களுக்கான பஸ்ஸில் போனோம். ஏரிக்கு நடுவே நேராக ஒரு சாலை. இரண்டு பக்கமும் ஆழமில்லாத தண்ணீர், தூரத்தில் கொக்கு மாதிரி நெட்டையான பறவைகள். வாசலில் எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்கள். அப்பாவின் பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்து ஒரு பெட்டியில் போட்டார்கள். அப்பா அதற்குக்கூடச் சந்தோஷப்பட்டார்.

"சரிதாம்லே. உள்ள அம்புட்டும் மருந்துல்லா. ஒரு பொறி விழுந்தா என்னத்துக்காவும்?"

பந்தல் போட்டு மடக்கு நாற்காலிகள் வைத்திருந்தார்கள். எதிரே சவுக்கு மரங்கள், அதற்கு மேலே வெகுதூரத்தில் கோபுரம் போல ஒரு இரும்புக் கட்டடத்தின் உச்சி. ராக்கெட் அங்கிருந்து ஒரு வெள்ளைக் கோடாக மட்டும் தெரிந்தது. ஒலிபெருக்கியில் ஒருவர் இங்கிலீஷில் நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் ஏதோ காரணத்துக்காகக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தார்கள். கூட்டம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் எல்லாம் ஏற்கெனவே முடிந்துபோயிருந்தது.

"என்னலே, தலைகீழா எண்ணுதாவ?"

"ஆமாப்பா. சைபர் வந்தா கெளம்பிரும்."

"நேரா எண்ணுனா எங்கன நிறுத்தன்னு தெரியாதுல்லா. கெட்டிக்காரப் பயலுவ."

முதலில் வெளிச்சம் வந்தது. சவுக்குகளுக்குப் பின்னால் யாரோ இன்னொரு சூரியனைத் தூக்கி நிறுத்தியது போல. சத்தமே இல்லாமல் அது எழும்பியது. அப்பா எழுந்து நின்று கைகூப்பினார். ராக்கெட் மரங்களைத் தாண்டிய பிறகுதான் சத்தம் வந்து சேர்ந்தது. காதுக்கு முன்னால் நெஞ்சில் வந்து அடித்தது. மலையடிவாரத்தில் எஞ்சின் சோதனையின்போது நான் கேட்ட சத்தம், ஆனால் அங்கே எஞ்சினைத் தரையோடு கட்டிப்போட்டிருப்பார்கள். இங்கே அது அவிழ்ந்து போய்க்கொண்டிருந்தது. அப்பா என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

மேகத்துக்குள் போய்விட்டது. காற்றில் வளைந்து நெளிந்த புகைத்தடம் மட்டும் மிச்சம்.

"அம்புட்டுதானா?"

"இன்னும் மேல போவுதுப்பா. நமக்குத் தெரியாது."

"நீ செஞ்ச சாமான் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

இரண்டாம் கட்டத்தில்தான் எங்கள் மலையடியில் சோதித்த வகை எஞ்சின் இருக்கும். நான் கம்பி முறுக்கிய எஞ்சின் சோதனையோடு முடிந்துபோனது, அது பறப்பதற்கானது அல்ல. அதைப் பலமுறை விளக்கியும் அப்பா ஏற்றுக்கொண்டதில்லை. அன்றைக்கு நான் விளக்கவில்லை. அப்போது ஒலிபெருக்கியில் இரண்டாம் கட்டம் சரியாக இயங்குகிறது என்று அறிவித்தார்கள். கூட்டம் கைதட்டியது. நான் மொழிபெயர்த்தேன்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். "சந்தோசத்துல அழுவுதியாலே? அழு, அழு" என்று துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் இருந்த தெலுங்குக்காரரின் தோளைத் தட்டி, "எம்மவன், எம்மவன்" என்று மேலே கைகாட்டினார். அவர் ஒன்றும் புரியாமல் சிரித்து, அப்பாவின் கையைக் குலுக்கினார்.

மறுநாள் நான் தேர்வுக்குப் போனேன். போகாவிட்டால் அப்பாவிடம் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். செய்முறையில் கொடுத்த வேலையைப் பிசகில்லாமல் முடித்தேன். நேர்முகத் தேர்வில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. தலைவர் என் தாளைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். முந்தாநாள் குழு உறுப்பினர் வீட்டுக்கு எதுவும் கொண்டுபோனீர்களா? கொண்டுபோனேன் என்றேன். நன்றி, போகலாம் என்றார். கோபமே இல்லாத குரல்.

வெளியே அப்பா காத்திருந்தார். "என்னய்யா கேட்டாவ?"

"கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டேன்ப்பா."

இரண்டு மாதம் கழித்து, தகுதி நீக்கம் என்று மூன்று வரியில் கடிதம் வந்தது. அந்தத் தடவை ஆள் எடுக்கவில்லையாம் என்று வீட்டில் சொன்னேன்.

அடுத்த வருஷம் அதே வேலைக்கு மறுபடியும் விளம்பரம் வந்தது. விண்ணப்பத்தை வாங்கி வந்து, சாப்பிட்ட இடத்தைத் துடைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். அப்பா எதிரே குந்தியிருந்தார். பெயர், ஊர், படிப்பு எல்லாம் எழுதி முடித்தேன். கடைசிப் பக்கத்தில், இதற்கு முன் எந்தத் தேர்விலாவது தகுதி நீக்கம் செய்யப்பட்டதுண்டா, ஆம் எனில் விவரம் தருக என்று இருந்தது. பேனாவை வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பிறகு ஆம் என்று எழுதினேன். விவரம் எழுதக் கொடுத்திருந்த இடம் போதவில்லை. ஓரத்திலும் எழுதினேன்.

"அது என்னலே அம்புட்டு எழுதுத?"

"நான் முன்னாடி செஞ்ச வேலையப் பத்திக் கேட்டிருக்கான்ப்பா."

அப்பா தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. இம்புட்டு விவரமா எழுதினவன எவன் வேண்டாம்னு சொல்லுவான்?" என்றார்.