செலவில்லாத வேண்டுதல்

அரும்பாவூர் இராமலிங்கம் வீட்டில் குளிக்கிற சோப்பை நூல் வைத்து மூன்றாக அறுப்பார்கள். ஒரு துண்டு கரைந்து காணாமல் போன பிறகுதான் அடுத்த துண்டு வெளியே வரும். அது அவர் மனைவி மலர்க்கொடிக்கும் மகள் தமிழ்மொழிக்கும். இராமலிங்கம் சோப்புப் போடுவதில்லை. சோப்பு முகத்தை வறட்டிவிடும் என்று பெரம்பலூர் சலூன்காரர் சொல்லியிருக்கிறார். அதனால் அவருக்குக் கரி கலந்த ஃபேஸ் வாஷ், உடம்புக்கு ஒரு பாட்டில், தலைக்கு ஷாம்பு, ஷாம்புக்குப் பிறகு போட இன்னொன்று, எல்லாம் காய்ந்த பின் முடி நுனியில் தொட்டுக்கொள்ள மூன்று சொட்டு சீரம். இவ்வளவும் பீரோவின் மேல்தட்டில் இருக்கும். சாவி அவர் அரைஞாணில் இருக்கும்.

வயது ஐம்பத்து மூன்று. யாரும் நாற்பதுக்கு மேல் மதிக்க மாட்டார்கள். மதிக்கக்கூடாது என்றுதான் இத்தனை பாடு. வேப்பந்தட்டைப் பக்கத்து ஊர்களுக்கு வண்டியில் போய் மக்காச்சோள விதையும் பருத்தி விதையும் விற்றுக் கொடுக்கிற ஏஜென்ட் வேலை அவருக்கு. “மூஞ்சியப் பாத்துத்தான் வெதை வாங்குறான். எம் மூஞ்சி வாடியிருந்தா வெள்ளாமையும் வாடும்னு நெனச்சிருவான்” என்பார். அதென்னவோ உண்மைதான். பளபளவென்று வந்து நிற்கிற மனுஷனிடம், போன வருஷம் வாங்கிய விதையில் பாதி முளைக்கவில்லை என்று சொல்ல விவசாயிக்கே வாய் வராது. இன்னும் இரண்டு பை வாங்கிப் போட்டுக்கொண்டு போய்விடுவான்.

மற்றபடி அவரைப் போலச் சிக்கனமான ஆள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. சரிவு வந்தால் வண்டியின் என்ஜினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டே இறங்குவார். அடுத்தவர் வாங்கிக் கொடுத்தால் ஒழிய வெளியில் டீ குடிக்க மாட்டார். வீட்டில் இரண்டு பேர் ஒரே அறையில் இருந்தால்தான் ஃபேன் சுற்றும். மலர்க்கொடி கட்டுவதெல்லாம் விசேஷ வீடுகளில் வைத்துக் கொடுத்த புடவைகள். அவள் தானாகக் கடைக்குப் போய் ஒன்று எடுத்தது எப்போது என்று கேட்டால் அவளே கொஞ்ச நேரம் யோசிப்பாள்.

மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மட்டும் இந்தச் சட்டமெல்லாம் அவரைக் கட்டுப்படுத்தாது. அன்றைக்குப் பெரம்பலூர் ஏசி சலூனில் தலைக்குச் சாயம், முகத்துக்கு கோல்டு ஃபேஷியல், காலுக்குத் தொட்டியில் வெந்நீர் வைத்துத் தேய்த்து விடுவது என்று அரை நாள் உட்கார்ந்திருப்பார். கிளம்பும்போது அங்கே கிடக்கிற பழைய பேப்பரைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வருவார், வீட்டு அலமாரியில் விரிக்க. “வீணா ஒரு பைசா செலவு பண்ண மாட்டேன்” என்று அந்தப் பேப்பரை விரித்துக்கொண்டே சொல்லுவார். இவ்வளவும் செலவில்லையா என்று ஒருமுறை தமிழ்மொழி கேட்டுவிட்டாள். “இது பராமரிப்பும்மா” என்றார். அவர் முகத்தில் துளி சங்கடம் இல்லை.

மலர்க்கொடி வெங்காயக் கொட்டகையில் கூலிக்குக் காய்ந்த தாளை அரிந்தெடுக்கப் போகிறவள். நாள் முழுக்க ஈர மண்ணும் வெங்காயச் சருகும். குதிகாலில் பாளம் பாளமாக வெடிப்பு. ஒரு நாள் வெடிப்புக்கு ஏதாவது களிம்பு வாங்கி வரச் சொன்னாள். “வெளக்கெண்ணெயத் தடவுடி. அதுல இல்லாத மருந்தா?” என்றார். அன்றிரவே பாயில் படுத்தவர், “கால அந்தாண்ட வைடி, கீறுது” என்று தன் பட்டுப் பாதங்களை இழுத்துக்கொண்டார். அவள் எழுந்து போய்ச் சுவரோரம் படுத்தாள். இப்படிப்பட்ட ஒரு மனுஷனை இருபத்தேழு வருஷமாக ஒரு பெண் சகித்துக்கொண்டிருக்கிறாள் என்றால், கோயில் கட்ட வேண்டியது அவளுக்குத்தான்.

போன கார்த்திகையில் இராமலிங்கத்துக்கு டெங்கு வந்தது. பெரம்பலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. இரண்டாம் நாள் டாக்டர் முகத்தைப் பார்த்தே மலர்க்கொடிக்கு நிலைமை புரிந்துவிட்டது. கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, “செட்டிகுளம் முருகனுக்கு வெள்ளியில ஒரு வேல் சாத்துறேன்னு வேண்டிக்கிறேங்க” என்றாள்.

கண்ணைத் திறக்கவே தெம்பில்லாமல் கிடந்தவர் அதைக் கேட்டுக் கண்ணைத் திறந்தார். “வெள்ளி விக்கிற வெலையில வேலா? செலவில்லாத வேண்டுதலா வைடி.”

“அப்ப முடிதாங்க. ஒங்க முடியக் குடுக்குறேன்னு வேண்டிக்கவா?”

“அது போதும்” என்று கண்ணை மூடிக்கொண்டார். முடி என்றால் யாருடைய முடி, எந்த முடி என்று யோசிக்கிற நிலைமையில் அவர் இல்லை. காசு செலவில்லை என்பது மட்டும்தான் மனசில் பதிந்தது. மூன்றாம் நாள் பிளேட்லெட் ஏறத் தொடங்கியது. ஐந்தாம் நாள் முகம் பார்க்கக் கண்ணாடி கேட்டார்.

அதற்குப் பிறகு வேண்டுதல் பேச்சை அவர் எடுக்கவில்லை. தைக்குள் தமிழ்மொழிக்கு வரன் அமைந்துவிட்டது. மாப்பிள்ளை கலைச்செல்வன் அரியலூர்க்காரர், சிமெண்ட் ஃபாக்டரியில் வேலை. நிச்சயத்தன்றைக்கு மாப்பிள்ளையின் அம்மா வீரம்மாள், “சம்பந்தி மாப்பிள்ள கணக்கால்ல இருக்காரு!” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தம்மா கிண்டலாகச் சொன்னாளோ என்னவோ, இராமலிங்கம் அதைப் பாராட்டுப் பத்திரமாக வைத்துக்கொண்டார். விதை விற்கப் போன ஊரிலெல்லாம் சொன்னார். வைகாசியில் அரியலூர் மண்டபத்தில் கல்யாணம். மேடையில் எந்தப் பக்கம் நின்றால் முகம் நன்றாக விழும் என்று போட்டோக்காரரிடம் இரண்டு மாதம் முன்னாலேயே கேட்டு வைத்துவிட்டார்.

சித்திரை பிறந்ததும் மலர்க்கொடி பேச்செடுத்தாள். “வேண்டுதல வச்சிக்கிட்டு வூட்ல நல்ல காரியம் பண்ணக் கூடாதுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி மொட்டை போட்டுரணும்.”

“யாருக்கு?”

“ஒங்களுக்குத்தான்.”

இராமலிங்கத்தின் கை தானாகத் தலைக்குப் போனது. மொட்டை அடித்தால் கல்யாணத்துக்குள் கொஞ்சம் முளைக்கும்தான். ஆனால் முளைப்பது வெள்ளையாக முளைக்கும். அரிசி மணி நீளத்தில் நிற்கிற முடிக்குச் சாயம் பூசினால் மண்டைத் தோலுக்கும் சேர்ந்துதான் சாயம் ஏறும். வீரம்மாள் முன்னால் அந்தத் தலையோடு எப்படிப் போய் நிற்பது? அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. டெங்கு வந்தபோதுகூட அவர் இவ்வளவு பயப்படவில்லை.

மறுநாளே வண்டியை எடுத்துக்கொண்டு செட்டிகுளத்துக்குப் போய்க் குருக்களைப் பிடித்தார். வேண்டுதலை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதா என்று கேட்டார். “மனசுல சங்கடம் இருந்தா, முடிக்குப் பதிலா அம்பது பேருக்கு அன்னதானம் பண்ணிருங்க. முருகன் ஏத்துக்குவான்” என்றார் குருக்கள்.

ஐம்பது பேருக்குச் சாப்பாடு. இராமலிங்கம் கோயில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு பக்கம் தலை, ஒரு பக்கம் காசு. இரண்டையும் விட மனசு வரவில்லை. முருகனே நேரில் வந்து கேட்டிருந்தாலும், “வேற எதாச்சும் சொல்லுப்பா” என்றுதான் சொல்லியிருப்பார். அவர் முழிக்கிற முழியைப் பார்த்துப் பாவப்பட்டு, “குடும்பத்துல வேற யாராச்சும் முடி குடுத்தாலும் சரிதான். புருஷனுக்காகப் பொஞ்சாதி குடுக்குறது உண்டு” என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தார் குருக்கள். இராமலிங்கம் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். போகும்போது சாமிக்குப் பெரிய கும்பிடு போட்டார்.

வீட்டுக்கு வந்து மலர்க்கொடியிடம் விஷயத்தைச் சொன்னார். “ஒனக்கும் முடி கொட்டிக்கிட்டுத்தான் கெடக்கு. மொட்டை போட்டா அடர்த்தியா வரும். எனக்குத் தொழில் இருக்கு பாரு.”

பெற்ற மகள் கல்யாணத்தில் தலை மொட்டையாக நிற்பது எப்படி இருக்கும் என்று மலர்க்கொடிக்குத் தெரியாதா? தெரியும். “சரிங்க” என்றாள். அவர் உயிரோடு வந்ததற்குச் சாமிக்குக் கடன்பட்டவள் தான்தான் என்று அவள் உண்மையாகவே நம்பினாள். அந்த நம்பிக்கை இராமலிங்கத்துக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை மூன்று பேரும் செட்டிகுளம் போனார்கள். அப்பாவுக்குத்தான் மொட்டை என்று தமிழ்மொழி நினைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெரம்பலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறவள், நேராக முகம் பார்த்துப் பேசுகிறவள், அவளிடம் சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்று இராமலிங்கத்துக்குத் தெரியும். “நீ போயி அர்ச்சனைத் தட்டு வாங்கியாம்மா” என்று அவளைக் கடைப் பக்கம் அனுப்பிவிட்டு, மலையடிவாரத்தில் முடி எடுக்கிற கொட்டகைக்கு மனைவியைக் கூட்டிப் போனார்.

முடி எடுக்கிறவர் பெயர் தர்மராஜ். பிளேடை மாற்றிக்கொண்டே, “வேண்டுதல் யாருக்குங்க?” என்றார்.

“எனக்குத்தாங்க. எனக்குப் பதிலா இவ குடுக்குறா. காசு ஏதும் உண்டா?”

“முடி எடுக்க இப்ப காசு வாங்குறதில்லீங்க” என்றார் தர்மராஜ். அவர் பார்வை இராமலிங்கத்தின் கருகரு தலையில் கொஞ்ச நேரம் நின்றது.

மலர்க்கொடி தலையிலிருந்த மல்லிகையை எடுத்துப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு மணையில் உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்ததும் முடி இடுப்புக்குக் கீழே விழுந்தது. கொட்டிப்போனது போக அவ்வளவு மிச்சம் இருந்தது. தர்மராஜ் தண்ணீர் தெளித்து நெற்றியிலிருந்து மழிக்கத் தொடங்கினார். இராமலிங்கம் பூவைப் பிடித்துக்கொண்டு, போன் காமிராவைத் திறந்து தன் முன்முடியைச் சரி செய்துகொண்டார். வெட்கப்பட வேண்டிய இடம் அது. அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

தமிழ்மொழி தேங்காய்த் தட்டோடு திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மாவின் மொட்டைத் தலையைப் பார்த்தாள். அப்பாவின் தலையைப் பார்த்தாள். அப்பா கையில் இருந்த பூவைப் பார்த்தாள். வாய்விட்டு அழுவாள் என்று மலர்க்கொடி பயந்தாள்.

“வேண்டுதல் முடிஞ்சிதும்மா. குடும்பத்துல யாரு குடுத்தாலும் சரியாம்” என்றாள்.

தமிழ்மொழி தட்டைக் கீழே வைத்தாள். தலையிலிருந்த கிளிப்பைக் கழற்றினாள். அம்மா எழுந்த மணையில் போய் உட்கார்ந்து, “எனக்கும் எடுங்கண்ணே” என்றாள்.

“அய்யோ, என்னம்மா இது! கல்யாணப் பொண்ணு!” என்று பதறினார் இராமலிங்கம்.

“எங்கம்மா மொட்டையா நிக்கிறப்ப நீங்க பக்கத்துல சீவி முடிச்சிக்கிட்டு நிக்கிறத என்னால பாக்க முடியாதுப்பா. ஒண்ணு நான் அம்மா மாதிரி நிக்கிறேன். இல்ல, நீங்க நில்லுங்க.”

“அதான் வேண்டுதல் தீந்துபோச்சேம்மா! இன்னும் எதுக்கு வெட்டியா ஒரு மொட்டை?”

“செலவு இல்லப்பா. சும்மாதான் எடுக்குறாங்க.”

இராமலிங்கம் மனைவியைப் பார்த்தார். எப்போதும் குறுக்கே வந்து சமாதானம் சொல்லுகிறவள், இந்தத் தடவை மகளின் கிளிப்பை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். தர்மராஜ் பிளேடை மாற்றிக்கொண்டிருந்தார். இராமலிங்கத்தின் மனசுக்குள் மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் ஓடியது. அச்சடித்த பத்திரிகை ஓடியது. மொட்டைத் தலைப் பெண்ணைப் பார்த்து அரியலூர்க்காரர்கள் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டால் அத்தனை காசும் போச்சு. இத்தனை வருஷமாக வீட்டில் மற்ற இரண்டு பேரையும் மட்டும் கடித்துக்கொண்டிருந்த அவருடைய சிக்கனம், முதல் தடவையாக அவர் பக்கம் திரும்பியது.

“எந்திரிம்மா” என்றார்.

அவர் உட்கார்ந்தார். தண்ணீர் தெளித்ததும் நெற்றியோரமாகக் கருப்பாக ஒரு கோடு வழிந்தது. போன ஞாயிற்றுக்கிழமை சலூனில் பூசிய சாயம். “மீசையும் சேத்துத்தானுங்களே?” என்றார் தர்மராஜ்.

இராமலிங்கம் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், “சேத்துத்தாண்ணே” என்றாள் தமிழ்மொழி.

குளித்துவிட்டு வந்து போன் காமிராவைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு கிழவர் இருந்தார். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் எடுத்துப் பார்த்தார். கிழவர் போகவில்லை.

சித்திரை வெயில் பழக்கமில்லாத மண்டையில் சுள்ளென்று இறங்கியது. படிக்கட்டுப் பக்கத்தில் சிந்தாமணி என்கிற அம்மா சந்தனம் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். இராமலிங்கம் அவளிடம் பேரம் பேசி, இருப்பதிலேயே சின்ன டப்பா ஒன்று வாங்கினார். தண்ணீர் விட்டுக் குழைத்து, பிடரி வரைக்கும் பள்ளம் மேடு இல்லாமல் தன் தலைக்கு நிதானமாகப் பூசினார். விரலில் ஒட்டியிருந்ததையும் வீணாக்காமல் கழுத்தில் தடவிக்கொண்டார். டப்பா காலியான பிறகுதான் பக்கத்தில் இன்னொரு மொட்டை இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. திரும்பினார்.

மலர்க்கொடி பக்கத்தில் இல்லை. அவள் சிந்தாமணியின் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“நல்ல சந்தனமா, பெரிய டப்பாவாக் குடுங்கம்மா.”

“பெருசு வெலை சாஸ்திம்மா. இந்தா, ஒங்க வூட்டுக்காரரு சின்னதுதான் வாங்கிட்டுப் போனாரு” என்றாள் சிந்தாமணி.

“வெலைய நான் கேக்கலியே” என்றாள் மலர்க்கொடி.