பூஜைக்கு வந்த மேகசின்

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றதும் சிவகாசியில் ஒரு பட்டாசு கம்பெனி ஆபீசுக்குக் காவலாளியாகப் போனேன். ரைபிளும் என்னுடையது, லைசென்ஸும் என் பெயரில். சரக்கு இருக்கும் கட்டடத்தின் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது. தெருவுக்கு இந்தப் பக்கம் ஆபீஸ் வாசல்தான் என் இடம். சீசனில் அந்த ஆபீசுக்கு நான் ஒருவன்தான் காவல்.

மேகசின் என்பது ரைபிளின் அடியில் மாட்டும் சின்ன இரும்புப் பெட்டி, ஐந்து தோட்டா பிடிக்கும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்தால் அடுத்த தோட்டா மேலே வராது. என்னுடையது தளர்ந்துவிட்டது. அதைப் போய் மேனேஜரிடம் சொன்னேன் பாருங்கள், அது என் புத்தி கெட்ட வேளை.

மனிதர் முதலாளியின் மச்சினர். அந்த ஒரு தகுதியில் உலகத்தில் எல்லாம் தெரிந்தவர். ரைபிளோடு நானும் வருகிறேன், துப்பாக்கிக் கடையிலேயே மாட்டிப் பார்த்துப் புதுசு வாங்கலாம் என்றேன். செல்போனில் மேகசினை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு தனியாக மதுரைக்குப் போய்விட்டு வந்தார்.

"கடக்காரன் மூணு காட்டுனான், மிலிட்டரிக்காரரே. இருக்கதுலயே பளபளப்பா உள்ளத எடுத்தாந்திருக்கேன். நாளைக்கு ஆயுத பூசைல வச்சா எம்புட்டு நல்லா இருக்கும்."

மாட்டிப் பார்த்தேன். வேறு கம்பெனி ரைபிளுக்குச் செய்தது, கடகடவென்று ஆடியது. மருந்தில்லாத டம்மி தோட்டாக்களைப் போட்டு, அவற்றை உள்ளே தள்ளும் போல்ட்டை இழுத்தேன். முதலாவது ஏறியது. இரண்டாவது மூக்கைக் கவிழ்த்துச் சிக்கிக்கொண்டது. ஐந்து தடவை பார்த்தேன், ஐந்து தடவையும் அதே கதை. திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினார். மறுநாள் பூஜையில் சந்தனத்தைக் குழைத்து அதன் வாய்க்குள்ளேயே கட்டைவிரலால் அப்பினார். நெற்றி மாதிரி நடுவில் ஒரு குங்குமப் பொட்டு வேறு.

"பூசை போட்டத எப்படித் திருப்பிக் குடுக்கது?" என்றார், நான்தான் ஏதோ பாவம் செய்யச் சொன்னதைப் போல.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ரெண்டாவது குண்டு ஏறாது சார். எவனாவது வந்தா இங்கன நான்தான் சாகணும்."

"யாரு வரப்போறா? நீங்க என்ன சுடவா போறீக? அந்த மீசையும் துப்பாக்கியும் வாசல்ல தெரிஞ்சாப் போதும்."

அந்த ஆள் முட்டாள் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. வேலைக்கு எடுத்த அன்று, உங்களுக்குச் சுடத் தெரியுமா என்று அவர் கேட்கவே இல்லை. என்னை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு, "சரியா இருக்கீக, நாளைலருந்து வந்துருங்க" என்றார். அன்றைக்கு நான் பெருமையாக வீட்டுக்குப் போனேன்.