வறண்ட கிணற்றில் ஒரு பொட்டலம்

சிறுபிள்ளைக் கைக்குக் கள்ளம் தெரியாது என்பது எங்கள் ஊர்ப் பூசாரியின் கட்சி. அதனால்தான் கங்கையம்மன் கோயிலில் பூக்கேட்டு, சாமி முடிவைத் தெரிந்துகொள்ளப் போகிறவர்கள் கையோடு ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவார்கள். என்னைப் போன்ற ஒரு பிள்ளையைப் பார்த்த பிறகும் அவர் அந்தக் கட்சியை எப்படி விடாமல் இருந்தார் என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான்.

ஆந்திர எல்லைக்குள், நாகலாபுரத்துக்கும் சத்தியவேட்டுக்கும் நடுவில் இருந்தது எங்கள் ஊர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சண்டை என்று வந்தால் இரண்டும். நான் அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷத்தோடு சேர்த்து மூன்று வருஷமாக மழை ஏமாற்றியிருந்தது. எங்களுக்கு இருந்தது இரண்டு ஏக்கர் நிலம், அதன் மூலையில் படி வைத்துக் கட்டிய ஒரு கிணறு. முதல் வருஷம் கிணற்றுத் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியது. இரண்டாம் வருஷம் சேறாயிற்று. மூன்றாம் வருஷம் நாங்கள் பிள்ளைகள் அதற்குள் இறங்கிக் கண்ணாமூச்சி ஆடினோம். வேர்க்கடலை போட்ட நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தீனிக்கு வழியில்லாமல் இரண்டாம் வருஷமே கறவை மாட்டையும் விற்றுவிட்டார்கள். அது போகும்போது நான் அழுத அழுகையைப் பார்த்து, வாங்கிப் போக வந்தவரே கயிற்றைப் பிடிக்கக் கொஞ்சம் தயங்கினார்.

அம்மா மட்டும் அசையவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. முந்தின வருஷம் ஜாத்திரைத் திருவிழாவில் எதிர்வீட்டு அத்தை மேல் கங்கையம்மன் வந்தது. ஆடிக்கொண்டே கூட்டத்துக்குள் புகுந்து, அம்மாவின் முன்னால் வந்து நின்று, வேப்பிலையால் தலையில் அடித்து வாக்குச் சொன்னது.

“வத்தினது ஊறும். போனது வூடு வந்து சேரும். என்ன நம்பிக்கினு இரு!”

மற்ற நாட்களில் அந்த அத்தை சொல்வதில் பாதியை அம்மா நம்ப மாட்டாள். ஆனால் அன்றைக்குப் பேசியது அத்தை இல்லையே. அம்மா அந்த வாக்கை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். போனது வந்து சேரும் என்றதும் எனக்கு மாட்டின் ஞாபகம்தான் வந்தது.

அதிலிருந்து தினமும் காலையில் எழுந்ததும் அம்மா கிணற்றடிக்குப் போவாள். ஒரு கூழாங்கல்லை உள்ளே போட்டுவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பாள். ‘டக்’ என்று பாறையில் விழும் சத்தம் வரும். “இன்னும் நேரம் வர்ல” என்று சொல்லிக்கொண்டு வந்து அடுப்பைப் பற்றவைப்பாள். நைனா, அதாவது என் அப்பா, வேப்பங்குச்சியை மென்றபடி தூரத்தில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேலி செய்ய நல்ல சந்தர்ப்பம்தான், ஆனால் அவர் ஒரு நாளும் செய்ததில்லை.

நைனாவின் யோசனை வேறு. சித்தூரில் மாம்பழக்கூழ் தொழிற்சாலை வைத்திருந்த ஒருவர் மாந்தோப்பு வைக்க எங்கள் பக்கம் நிலம் தேடிக்கொண்டிருந்தார். நைனாவுக்கு டிராக்டர் ஓட்டத் தெரியும். நிலத்தை அவருக்கு விற்றுவிட்டுத் திருப்பதிக்குக் குடிபோய், ஓர் ஆட்டோ வாங்கி ஓட்டலாம் என்பது அவர் கணக்கு. விற்கவில்லை என்றால் இன்னொரு வழிதான் உண்டு. ஊரில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் குவைத்துக்குப் போய் வீட்டு டிரைவர்களாக இருந்தார்கள். நைனாவும் அவர்களோடு சேர்ந்து பாஸ்போர்ட் எடுத்திருந்தார். எடுத்ததோடு சரி, பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு எவன் போவான் என்று அதைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டார்.

“வித்துட்டா எல்லாரும் ஒரே வூட்ல இருக்கலாம் மே. வச்சிக்கினா நான் குவைத்துக்குத்தான் போவணும். வேற வழி இருக்குதா, நீயே சொல்லு” என்பார் நைனா.

“நீ எங்கியும் போவ வாணாம். கங்கம்மா வாக்கு குடுத்துக்கீறா. கூலிக்குப் போயி கஞ்சி குடிச்சிக்கினு காத்துக்கினு இருப்போம்.”

“மூணு வருசமா காத்துக்கினுதான் கீறோம்.”

“நாலாவது வருசமும் காக்கறது!”

நான் நைனா கட்சி. நிலமும் நீரும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. திருப்பதியில் தினமும் சாயங்காலம் ஆட்டோவில் என்னை ஏற்றிக்கொண்டு போய், மலைப்பாதையில் வரிசையாக விளக்கு எரிவதைக் காட்டுவதாக நைனா சொல்லியிருந்தார். வகுப்பில் எல்லோரிடமும் நான் அப்போதே விடைபெறத் தொடங்கியிருந்தேன்.

ஒரு மாதம் இப்படியே போனது. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் பூக்கேட்பது என்று முடிவாயிற்று. வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். பிள்ளை ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் நிலம் இருக்கும், சிவப்பு வந்தால் விற்றுவிடலாம். புருஷன் பெண்டாட்டி வழக்கு என்றால் பூசாரி இன்னும் ஒரு விதி வைத்திருந்தார். அவரவர் பூவை அவரவரே கட்ட வேண்டும், அதுவும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு. எடுக்காத பொட்டலத்தை மட்டும் பிரிக்கவே கூடாது. சாமி வேண்டாம் என்றதை மனுஷன் பார்க்கக் கூடாதாம். அதை அப்படியே தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் வீட்டில் ஒரு ரகளை. குளிக்கிற தண்ணீரைக் குடித்தே பிழைத்துக்கொண்டிருந்த எங்கள் முல்லைக்கொடியில் பாதி மொட்டைக் காணவில்லை. வீட்டில் எது காணாமல் போனாலும் அப்போதெல்லாம் நான்தான் பொறுப்பு.

“சாமிக்கு வச்சிருந்த பூவுமேல கை வச்சிக்கீறியே, உனக்கு நல்லா இருக்குதா?” என்று அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். நான் பறிக்கவில்லை என்று சத்தியம் செய்தேன். நைனா அதற்குள் வாசலில் இறங்கிவிட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தவர், ரோட்டோரத்தில் செவ்வரளி ஒரு கொத்து ஒடித்து, எல்லோரும் பார்க்கிற மாதிரி கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

கோயிலில் பூசாரி ஒரு செய்தித்தாளை இரண்டாகக் கிழித்து ஆளுக்குப் பாதி கொடுத்தார். அம்மா கிழக்கே திரும்பிக் கட்டினாள், நைனா மேற்கே திரும்பிக் கட்டினார். பூசாரி இரண்டு பொட்டலத்தையும் துண்டுக்கு அடியில் வைத்துக் குலுக்கி, அம்மன் காலடியில் வைத்தார். கற்பூரம் எரிந்தது.

இந்த இடத்தில்தான் கள்ளம் தெரியாத கையின் வேலை தொடங்கியது. முல்லைக்கு வாசனை உண்டு. அரளிக்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் கிடையாது. எது மணக்கவில்லையோ அதை எடுத்தால் திருப்பதி. இதை நான் இரண்டு நாளுக்கு முன்பே யோசித்து வைத்திருந்தேன். விழுந்து கும்பிடுகிற பாவனையில் குனிந்து முதல் பொட்டலத்தை மோந்து பார்த்தேன். முல்லை. மனசுக்குள் சிரித்துக்கொண்டு அடுத்ததை மோந்து பார்த்தேன். அதுவும் முல்லை.

மறுபடி முதலாவதற்கு வந்தேன். என் திருட்டுத்தனம் தெரிந்துபோய் அம்மன் என் மூக்கைக் குழப்பிவிட்டாள் என்றே நினைத்தேன்.

“இன்னா பாப்பா, தூங்கிட்டியா? எடு” என்றார் பூசாரி.

கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். பிரித்தார்கள். வெள்ளை.

அம்மா அப்படியே கல்தரையில் விழுந்து கும்பிட்டாள். அவள் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. நான் நைனாவைப் பார்த்தேன். தோற்றுப்போனவர் எப்படி இருப்பாரோ அப்படி அவர் இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சாமி சொல்லிடிச்சி. இனிமே பேச்சில்ல” என்றார்.

நான் வழியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தேன். நைனா சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு செவ்வரளிப் பூவை எடுத்து என் காதோரம் செருகினார்.

“இது ஏது நைனா?”

“மிச்சம் கண்ணு.”

எடுக்காத பொட்டலத்தைத் தண்ணீரில் விட வேண்டும் என்றால், ஊரில் தண்ணீர் எங்கே இருந்தது? ஏரியில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். கிணறு கிணறுதானே என்று சொல்லி, நைனா அதை எங்கள் வறண்ட கிணற்றிலேயே போட்டார். அம்மாவின் கூழாங்கற்களுக்கு நடுவில் அது சத்தமில்லாமல் விழுந்தது.

ஒரு மாதத்துக்குள் அவர் குவைத்துக்குப் புறப்பட்டுவிட்டார். அம்மா எவ்வளவோ தடுத்துப் பார்த்தாள்.

“சாமி நெலத்த வச்சிக்க சொல்லிச்சி. அதுக்கு சோறு போட ஆள் வேணும்ல?” என்று சிரித்தார். மெட்ராஸுக்குப் போகிற பஸ்ஸில் ஏறும் முன் என்னிடம், “அம்மா கல்லு போடப் போவும்போது நீயும் கூடப் போ” என்றார். இரண்டு வருஷம் என்று சொல்லிப் போனவர் வந்து சேர்ந்தபோது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தப் பஸ் கிளம்பியபோது எனக்கு வந்த அழுகையில் பாதி திருப்பதிக்கானது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவர் போய் ஒரு வாரம் இருக்கும். கண்ணாமூச்சியில் ஒளிய இடம் தேடிக் கிணற்றுக்குள் இறங்கினேன். படிக்குக் கீழே, கற்களுக்கு நடுவில் அந்தப் பொட்டலம் கிடந்தது. பிரிக்கக் கூடாது என்பது நன்றாக ஞாபகம் இருந்தது. பிரித்தேன்.

உள்ளே இருந்தது முல்லை. காய்ந்து பழுப்பேறியிருந்தது. ஆனாலும் முல்லையையும் அரளியையும் எனக்குப் பிரித்துத் தெரியாதா? நைனா அரளியோடு வந்ததை அத்தனை பேர் பார்த்திருக்க, கங்கையம்மன் சிவப்பை வெள்ளையாக மாற்றியிருக்கிறாள். என் மூக்கு பொய் சொல்லவில்லை. ஒளிந்திருப்பதை மறந்து படியேறி வீட்டுக்கு ஓடினேன்.

“அம்மா, சாமி செவப்ப வெள்ளையாக்கிட்ச்சி! ரெண்டு பொட்லமும் முல்லதான்! வந்து பாரு!”

எதைத் தொட்டுவிட்டு வந்தாய் என்று முதுகில் ஒன்று விழும் என்று எதிர்பார்த்தேன். அம்மா காகிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு பூவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு வெளியே முல்லைக்கொடியைப் பார்த்தாள்.

“பூவ நீதான் பறிச்சேன்னு அன்னிக்கி உன்ன குட்டினேனே கண்ணு” என்றாள்.

அதோடு உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். நான் குட்டை எப்போதோ மறந்துவிட்டிருந்தேன். ஆனாலும் தாமதமாகவாவது வருத்தப்பட்டாளே என்று பெருந்தன்மையாக மன்னித்தேன். அடுத்த வீட்டுக்குக் கேட்டுவிடப் போகிறது என்பதைப் போல வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அவள் அழுதாள். கண்முன்னால் இப்படி ஓர் அதிசயம் நடந்திருக்கும்போது மனுஷி சந்தோஷப்படாமல் அழுவானேன் என்று எனக்குக் கோபமாகக்கூட வந்தது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அந்த வருஷக் கார்த்திகையில் புயல் மழை நாலு நாள் விடாமல் அடித்தது. ஐந்தாம் நாள் காலையில் அம்மா கல்லைப் போட்டாள். ‘டக்’ என்று கேட்கவில்லை. ‘களுக்’ என்று கேட்டது. தை மாதத்துக்குள் கிணற்றில் பத்துப்படி தண்ணீர் ஏறிவிட்டது. எதிர்வீட்டு அத்தை, ஏதோ தானே ஊற்றி நிரப்பினதைப் போல, வருகிறவர் போகிறவரையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாள்.

‘களுக்’ என்று கேட்ட அன்று சாயங்காலமே அம்மா என்னை உட்காரவைத்துக் கடிதம் எழுதச் சொன்னாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. எனக்கும் நைனாவுக்கும் தெரிந்தது தெலுங்கு எழுத்துதான். அவள் தமிழில் சொல்லச் சொல்ல அதை அப்படியே தெலுங்கு எழுத்தில் எழுதுவேன்.

“கெணத்துல தண்ணி வந்துட்ச்சின்னு எழுது. ரெண்டு பொட்லமும் வெள்ளதான்னு எழுது. வேற ஒண்ணும் எழுதாத.”

விவரம் போதாது என்று பட்டதால், ‘சாமி செவப்ப வெள்ளையா மாத்திட்ச்சி நைனா, நான்தான் கண்டுபுடிச்சேன்’ என்று அடியில் நானே ஒரு வரி சேர்த்தேன்.

பதில் வர ஒன்றரை மாதம் ஆயிற்று. வழக்கமான நலம் விசாரிப்புக்குப் பிறகு கடைசியில், ‘பாப்பா சொன்னது சரிதான். சாமிதான் மாத்திச்சி’ என்று எழுதியிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வரியை இன்னொரு தரம் படி என்றாள் அம்மா. படித்தேன். இன்னொரு தரம் என்றாள். காது சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று உரக்கப் படித்தேன்.

மறுநாள் காலையில் அவள் வழக்கம்போலக் கிணற்றடிக்குப் போனாள். நானும் கூடப் போனேன். ஒரு கூழாங்கல்லை எடுத்து, ததும்பிக் கிடந்த தண்ணீருக்குள் போட்டுவிட்டுக் காதைக் கொடுத்து நின்றாள்.

“தண்ணிதான் வந்துட்ச்சே. இன்னும் எதுக்கும்மா கல்லு?”

“பாதி வாக்குதான் ஆயிருக்குது. போனது இன்னும் வூடு வர்லியே” என்றாள்.

அதுவும் சரிதான் என்று எனக்குத் தோன்றியது. மாடு போனதிலிருந்து காலியாகக் கிடந்த கொட்டகையை அன்று சாயங்காலமே பெருக்கி, தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.