அக்காவின் கடைவாய்ப் பல்

அந்த ஆகஸ்டு மாதம் முழுக்க எங்கள் முதலியார்பேட்டை வீட்டில் கிராம்புத் தைலமும் அதற்கு அடங்காத சீழ் நாற்றமும் கலந்து வீசின. இரண்டும் என் அக்காவின் வாயிலிருந்து வந்தன. பத்தொன்பது வயதில் அவளுக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகி இடக் கன்னம் வீங்கியிருந்தது. "ஒரு கன்னம் தீபாவளி கொண்டாடுது, இன்னொண்ணு வெரதம் இருக்குது" என்றாள் அத்தை. ஆகஸ்டுதான் "வக்கான்ஸ்" காலம்: பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய குடும்பங்கள் விடுமுறைக்கு ஊர் வந்து, பெண் பார்த்து, திரும்புவதற்குள் தாலியும் கட்டிவிடுவார்கள். அப்படி ஒரு மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்ததால், வீட்டில் எல்லோருக்கும் கவலை கன்னத்தைப் பற்றித்தான். வலி அக்காவின் சொந்த விஷயம்.

அரசு மருத்துவமனையில் பல் பிடுங்கக் காசு கிடையாது, முறை உண்டு. விடியுமுன் சீட்டுக்கு நிற்க வேண்டும். சீட்டைப் பார்த்த டாக்டர் எக்ஸ்ரே கேட்பார். எக்ஸ்ரே காய்ந்து கைக்கு வரும்போது அவர் போயிருப்பார். மறுநாள் வேறொருவர், வீக்கம் வடியாமல் தொட முடியாதென்று மாத்திரை எழுதி, அடுத்த வாரம் புதுச் சீட்டோடு வரச் சொல்வார். இதில் ஒரு பிழையும் இல்லை என்பது நானே அரசாங்க உத்தியோகத்தில் அமர்ந்த பிறகுதான் விளங்கிற்று.

சனிக்கிழமை அப்பா சைக்கிளை விற்றுத் தனியார் டாக்டரிடம் கூட்டிப்போனார். சீழ் கட்டிய ஈறில் மரத்துப்போகும் ஊசி பிடிக்கவில்லை. பல் துண்டு துண்டாக வந்தது. வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களில் இருவர், அக்காவின் சத்தம் கேட்டுத் தங்கள் பல்லே தேவலை என்று எழுந்து போய்விட்டார்கள்.

மறுநாள் வீக்கம் பாதி வடிந்திருந்தது. ரத்தம் மட்டும் நிற்கவில்லை. "பஞ்ச அழுத்திக் கடிச்சிக்க. என்ன ஆனாலும் வாயத் தொறக்காத. பேசலன்னா அடக்கமான பொண்ணுன்னுதான் நெனப்பாங்க" என்றாள் அம்மா. நியாயம்தான். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணிடம் அபிப்பிராயம் கேட்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. அவள் மௌனமே சம்மதம்.

ஆனால் சிறு வயதிலேயே கப்பலேறிப் போய் அங்கேயே படித்த அந்த மாப்பிள்ளை, பெரியவர்கள் திகைக்க, நேராக அவளையே கேட்டார்: "என்னைக் கட்டிக்கிட்டு பிரான்சுக்கு வர உங்களுக்குச் சம்மதமா?"

வாயைத் திறக்காதே என்று அம்மா அக்காவை முறைத்தாள். தலையசைத்தால் கடைவாயில் ரத்தம் வழிந்துவிடுமென்று அக்கா அசையாமல் இருந்தாள். அவர் இன்னொரு முறை கேட்டு, காத்திருந்து, "பரவால்ல, புரியுது" என்றார், மிகுந்த மரியாதையோடு.

"பொண்ணுக்கு இஷ்டமில்லயாம். வற்புறுத்தக் கூடாதுன்னு பையன் சொல்லிட்டாருங்க" என்று தரகர் வந்து சொன்னதும், அப்பா நடந்தே போய்ப் பல் பிடுங்கிய கதையை விளக்கினார். "அப்ப சீக்க மறைச்சுத்தான் காட்டினீங்களா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள் பையனின் தாய்.

அடுத்த தையில், மனைவியை இழந்த ஒருவருக்கு அக்காவைக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் அவளிடம் எதையும் கேட்கவில்லை.

ஆகஸ்டு இப்போதும் வருகிறது. பெண் தேடி வந்த அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் கடற்கரையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தனியார் பல் மருத்துவமனைகளில் சீட்டும் எக்ஸ்ரேயும் ஒரே மேசையில் முடிந்துவிடுகின்றன. பணம் மட்டும் ஒரு சைக்கிளோடு தீராது. போன மாதம் அக்காவின் மிச்சப் பற்களை எடுக்க நான்தான் கூட்டிப்போனேன்.

"ஒவ்வொரு பல்லுக்கும் சம்மதமா, சம்மதமான்னு கேட்டுட்டுத்தான்டா புடுங்கறாங்க" என்று வீடு திரும்பும் வழியில் சிரித்தாள். இனி அவளிடம் கேட்டுப் பிடுங்க ஒன்றும் இல்லை.